கடலோர ஃபிளாட்: விலை கூடுதல் என்றால் கட்டுமானமும் கூடுதல் தரமா?

கேள்வி (பிப்ரவரி 3)

கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறேன். ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வயது. ஒன்றின் சதுர அடி விலை மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அதைக் கட்டியவர் பெயர் எடுத்த பில்டர். அந்தக் கூடுதல் காசு தரத்துக்குத்தான் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்தானே? கடலோரத்தில் வீடு வாங்கி அடிபட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

அடிபட்டவன் வந்தாச்சு. எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு காங்கிரீட் சில்லு கிடக்கிறது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்டும் பூச்சும். மறுபக்கம் கம்பி கிடந்த பள்ளம், அதில் கம்பியின் வரிகள் அச்சு வார்த்த மாதிரி, காவி நிறத்தில். வீடு வாங்கி ஒன்பதாவது வருஷம் பால்கனி மேல்தளத்திலிருந்து விழுந்தது. கீழே துணிக்கொடி மட்டும் இருந்ததால் இன்று இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஸ்கேல் வைத்து அளந்தேன். பூச்சைக் கழித்தால் கம்பிக்குக் கீழே இருந்த காங்கிரீட் 11 மி.மீ. வரைபடத்தில் போட்டிருந்தது 40.

அந்தத் தெருவிலேயே அதிக விலை கொடுத்தவன் நான். பில்டரும் நல்ல பெயர் எடுத்தவர்தான்.

பிப்ரவரி 4

"11 மி.மீ., 40 மி.மீ. என்றால் அப்படி என்ன வித்தியாசம்" என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்கு சிமெண்டின் காரம்தான் காரணம். பிஹெச் 12.5, 13 என்று இருக்கும். அந்தக் காரத்தில் கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகிக் காவல் காக்கும். கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் ஓட்டையாகிறது. அப்புறம் துரு. துருவான இரும்புக்குப் பழைய இடம் பத்தாது. இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். காங்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால் உள்ளிருந்து பிளந்துகொண்டு வெளியே வரும்.

நிறையப் பேருக்குத் தெரியாத கணக்கு இனிமேல்தான். உப்பு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். ஆகவே கவரை, அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் காங்கிரீட்டின் தடிமனை, பாதியாகக் குறைத்தால் பாதுகாப்புக் காலம் கால்பங்காகும், பாதி ஆகாது. 40 மி.மீ.க்கு 40 வருஷம் என்று வைத்துக்கொண்டால் 20 மி.மீ.க்கு 10 வருஷம். என் 11 மி.மீ.க்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷம்.

சதுர அடி விலையில் இந்த 29 மி.மீ. எங்கே எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, மதியம்

ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: "மூன்று வருஷம் என்றால் ஏன் ஒன்பதாவது வருஷம் விழுந்தது?"

நான் சொன்ன கணக்கு உப்பு கம்பியைத் தொடும் வரைக்கும்தான். அதற்கப்புறம் துரு திரண்டு, வெடிப்பு விட்டு, சில்லு பெயர்வதற்குத் தனியாகச் சில வருஷம் பிடிக்கும். அந்தச் சில வருஷமும் வெளியில் ஒன்றும் தெரியாது. வீட்டை விற்க நல்ல நேரம் அதுதான் என்று என் மைத்துனர் சொல்கிறார். அவர் தரகர் இல்லை, ஆனால் ஆகியிருக்கலாம்.

பிப்ரவரி 6

கவர் ஏன் குறைகிறது என்பதில் திருட்டைத் தேட வேண்டாம். பெரும்பாலும் அலட்சியம். காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி விட, கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை வைக்க வேண்டும். தீர்ந்துபோனால் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகிவிடுவார்கள். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பி மேலேயே நடப்பார்கள். ஜல்லி நழுவும், கம்பி பலகையில் போய் உட்காரும். பலகை பிரித்த அன்றே அடியில் கம்பியின் நிழல் கோடு கோடாகத் தெரியும். மறுநாள் பூச்சு பூசிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

அடுத்தது நீராற்றல், அதாவது போட்ட காங்கிரீட் இறுகும் வரை தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பது (கியூரிங்). ஒழுங்காகத் தண்ணீர் காட்டாத காங்கிரீட்டின் மேல்தோல் கடற்பஞ்சு மாதிரி. கவர் சரியாக இருந்தும் உப்பு ஓடிப்போய்விடும். ஆட்கள் முதலில் விடுப்பு எடுக்கும் வேலையும் அதுதான்.

பிப்ரவரி 9

விலைக்கு வருவோம், கேட்டதே அதுதான்.

சதுர அடி விலையை ஒப்பிடும் முன் அந்தச் சதுர அடி எது என்று கேளுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துச் சொல்வார்கள். டேப் எடுத்துக்கொண்டு போய்ச் சுவருக்குச் சுவர் நீங்களே அளந்து, மொத்த விலையை அதால் வகுங்கள். "ஐந்தில் ஒரு பங்கு அதிகம்" என்பது அங்கேயே பாதியாகலாம். தலைகீழாகவும் ஆகலாம்.

விளம்பரத்தில் போடும் விலை விற்பவரின் ஆசை. முடிந்த விலைதான் விலை. அதிலும் சராசரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த வருஷம் கடல் பார்த்த ஃபிளாட்கள் நாலு கூடுதலாக விற்றிருந்தால், எந்த வீட்டுக்கும் ஒரு பைசா ஏறாமலே சராசரி ஏறிவிடும். கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் இருவர் பெயரில் இருக்கும் அமெரிக்க வீட்டு விலைக் குறியீடு இதற்காகத்தான் ஒரே வீடு இரண்டு முறை விற்ற விலைகளை மட்டும் ஜோடி சேர்க்கிறது. நாமும் சின்ன அளவில் செய்யலாம். அதே கட்டடத்தில் மறுவிற்பனை ஆன ஃபிளாட் ஒன்றைத் தேடி, என்ன விலைக்கு வாங்கினார், என்ன விலைக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள். நாற்பது விளம்பரத்தைவிட இப்படி மூன்று ஜோடி போதும்.

அடுத்து வாடகை. ஒரு வருஷ வாடகை மொத்த விலையில் எத்தனை சதவீதம் என்று இரண்டு கட்டடத்துக்கும் போட்டுப் பாருங்கள். அங்கே குடியிருப்பவருக்கு வீடு என்ன பெறும் என்பது வாடகையில் தெரியும். அடுத்து வருபவர் என்ன கொடுப்பார் என்ற நம்பிக்கை விலையில் இருக்கும். ஒழுகும் கட்டடத்தில் வாடகைதான் முதலில் இறங்கும், விலை நிதானமாகப் பின்னால் வரும். இடைவெளி பெரிதாக இருந்தால் வாடகைதாரரைக் கேளுங்கள். ஏன் என்று பத்து நிமிஷம் சொல்வார்.

இன்னொன்று. கடற்கரையை நெருங்க நெருங்க விலை ஏறுகிறது, உப்பும் ஏறுகிறது. அந்த முதல் சில நூறு மீட்டரில்தான் இரண்டும் செங்குத்தாக ஏறும். ஜன்னலில் கடல் தெரிகிறது என்று நீங்கள் கூடக் கொடுக்கும் இடத்தில் கம்பிக்கும் கூடுதல் கவர் வேண்டும். ஐரோப்பிய விதி இதற்கென்றே கடற்காற்றுக்கு ஒரு வகுப்பு, அலை தெறிக்கும் இடத்துக்கு வேறு வகுப்பு என்று பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் பில்டர் எந்த வகுப்புக்கு வடிவமைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். விற்பனைப் பையன் நீச்சல் குளத்தைக் காட்டுவான்.

பிப்ரவரி 9, இரவு

மறந்துவிட்டேன். சாதாரண வாரநாள் இரவு எட்டு மணிக்குக் கட்டடத்துக்கு எதிரே நின்று எரியும் விளக்குகளை எண்ணுங்கள். எங்கள் கட்டடத்தில் 48 ஃபிளாட். நான் எண்ணியபோது 13 எரிந்தன. மீதி விடுமுறைக்கு வருபவர்கள், வாங்கிப் போட்டவர்கள். அவர்கள் கையில் பராமரிப்புக் காசு வாங்குவது தனிக் கலை.

பிப்ரவரி 10

"மின்வெட்டு இல்லையே சார்?" என்று கேட்டவருக்கு: இல்லை. லிஃப்ட் ஓடியது. பழுதாகி நின்றது வேறு நாள்.

பிப்ரவரி 14

பில்டரை எப்படி எடை போடுவது என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மாதிரி வீட்டைப் பார்க்காதீர்கள். அதே பில்டர் பத்து வருஷத்துக்கு முன் கடற்பக்கம் கட்டிய கட்டடத்தைக் கண்டுபிடியுங்கள். வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரி உள்ளே போங்கள். நான் அப்படிப் போனேன், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு.

முதலில் மொட்டை மாடி, அப்புறம் கீழே வாகனம் நிறுத்தும் தளம். வரவேற்பறையை வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து மறைப்பார்கள், இந்த இரண்டையும் மறைக்க மாட்டார்கள். சன்ஷேட், பால்கனி அடிப்பக்கம் அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக வெடிப்பு ஓடினால் உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பூச்சில் மட்டும் வரும் மயிரிழை வெடிப்பு வலைபோலக் கண்டபடி போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். சாவியாலோ நாணயத்தாலோ தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் சரி, பானை மாதிரி 'டொப்'பென்றால் பெயர்ந்து நிற்கிறது. பூச்சு மட்டும் பெயர்ந்திருந்தாலும் அதே சத்தம் வரும் என்பதால் ஒரு இடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எனக்குப் பிடித்த சோதனை கைப்பிடிக் கம்பி. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதில் தர எண் 304 என்று ஒன்று, 316 என்று ஒன்று. 316-இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, கடலோரத்துக்கு அதுதான் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் 304-இல் பழுப்புத் திட்டு திட்டாக விழுந்திருக்கும். ஸ்க்ரூ, ஜன்னல் கீல், கைப்பிடி தரையில் பதியும் வளையம், இவற்றில் காசு மிச்சம் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தாராளமாக இருந்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 17

"இதெல்லாம் கடல் மணலால் வந்த வினை, கடல் மணல் போட்டாலே கட்டடம் காலி" என்று ஒருவர் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதிதான் சரி.

கழுவாத கடல் மணல் ஆபத்துதான். தைவானில் கடல் மணல் வீடு என்று தனிப் பெயரே உண்டு. 2013-இல் சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் இந்தக் காரணத்துக்காகக் கட்டுமானங்களை நிறுத்திச் சோதித்தார்கள். அதில் உப்பு வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை, முதல் நாளே கம்பியோடு குடித்தனம். ஆனால் பிரிட்டனில் கடலடியிலிருந்து தோண்டிய மணலைக் கழுவி, குளோரைடு அளந்து, பல காலமாகக் காங்கிரீட்டில் போடுகிறார்கள். எவ்வளவு குளோரைடு மிச்சம் என்ற சோதனைச் சீட்டு இருக்கிறதா என்பதே கேள்வி. ஆற்று மணல் என்று சத்தியம் செய்பவரிடமும் அதையே கேளுங்கள்.

பிப்ரவரி 22

14-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பழைய கட்டடத்தைப் பாருங்கள், பில்டர் தெரிந்துவிடுவார் என்று சொன்னேன். நேற்று என் பில்டரின் இன்னொரு கட்டடத்துக்குப் போனேன். எங்களுடையதைவிட இரண்டு வருஷம் மூத்தது, கடலுக்கு இன்னும் அருகில். அடிப்பக்கமெல்லாம் தட்டினேன். கெட்டி. ஒரு சன்ஷேட்கூட விழவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அங்கே பழைய காவலாளி ஒருவர் கட்டுமானக் காலத்திலிருந்தே இருக்கிறார். "இங்க ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு சார், காங்கிரீட் போடுற அன்னைக்கு மேல ஏறி ஒவ்வொரு பிளாக்கா காலால தட்டிப் பாப்பாரு. எல்லாரும் திட்டுவாங்க" என்றார். எங்கள் கட்டடத்துக்கு அந்த ஆள் வரவில்லை. வேறு உள் ஒப்பந்தக்காரர், வேறு சூப்பர்வைசர்.

பெயர்ப்பலகை ஒன்றுதான், கட்டிய கைகள் வேறு. ஆகவே இப்போது கேட்கச் சொல்வது: எந்தக் கட்டடத்தை எந்த அணி கட்டியது, வெளியிலிருந்து கண்காணிப்பு இன்ஜினியர் யாராவது இருந்தாரா, காங்கிரீட் போடும் முன் எடுத்த படங்கள் இருக்கிறதா. படம் கேட்டதும் முகம் மாறுகிறதா என்றும் பாருங்கள்.

பில்டர் பெயரை நேரடியாகப் போடச் சொல்லித் தனிச்செய்தி அனுப்புகிறவர்கள் விட்டுவிடுங்கள், போட மாட்டேன். மேலே எழுதியதைப் படித்தால் பெயர் தெரிந்தும் பெரிய லாபம் இல்லை என்பது புரியும்.

மார்ச் 1

விளக்கு எண்ணச் சொன்னதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டவர்களுக்கு.

2021 ஜூன் 24 அதிகாலை ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டடம் பாதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். கட்டியது 1981-இல், கடற்கரையிலேயே. 2018-இல் ஒரு இன்ஜினியர் அறிக்கை கொடுத்திருந்தார்: நீச்சல் குளத் தளத்தின் நீர்த்தடுப்புக்குக் கீழே சரிவு வைக்கவில்லை, தண்ணீர் ஓடாமல் தேங்கி அடியிலுள்ள காங்கிரீட்டைக் கெடுக்கிறது என்று. பழுதுபார்க்கும் செலவு ஒன்றரைக் கோடி டாலர் என்று வளர்ந்தது. உரிமையாளர் சங்கத்தில் பேசினார்கள், சண்டை போட்டார்கள், நிர்வாகிகள் விலகினார்கள். பெரிய வேலை தொடங்கும் முன்பே விழுந்துவிட்டது.

சரிந்ததற்கு உப்பு மட்டும் காரணம் என்று சொல்ல வரவில்லை, வடிவமைப்பிலும் குறை இருந்தது. நான் பார்ப்பது அந்த மூன்று வருஷத்தை. பழுது தெரிந்தும் காசுக்கு ஒப்புதல் வாங்க அவ்வளவு காலம். அடுத்த வருஷமே அந்த மாநிலம், மூன்று மாடிக்குக் குறையாத அடுக்குமாடிகளுக்கு 30 வயதில் கட்டாயச் சோதனை என்றும், முக்கியக் கட்டமைப்புக்கான பழுதுநிதியை உரிமையாளர்கள் ஓட்டெடுத்துத் தள்ளிப்போட முடியாது என்றும் சட்டம் போட்டது. சட்டம் வந்ததும் பழைய ஃபிளாட் வாங்குபவர்கள் நிதிக் கணக்கைக் கேட்க ஆரம்பித்தார்கள். விலை இறங்கியது. கட்டடங்கள் திடீரென்று மோசமாகிவிடவில்லை, பில் வெளியே தெரிந்தது.

எங்கள் 48-இல் 13 விளக்கு என்பதை இப்போது மறுபடி படியுங்கள். சங்கத்தின் கடைசி மூன்று வருஷக் கூட்டக் குறிப்பும் வங்கி இருப்பும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கையிருப்பு பூஜ்யம் என்றால் கட்டடத்தின் பழுதில் உங்கள் பங்கையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மார்ச் 2

"எங்கள் பில்டர் பச்சை எபாக்சி பூசிய கம்பி போடுகிறார், கவலையில்லை." ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் கடற்பாலங்களிலும் அதைத்தான் போட்டார்கள். பத்து வருஷம்கூட ஆகவில்லை, 1986-இலேயே தூண்களில் துரு வெளியே வந்தது. வளைக்கும்போதும் இழுத்துப் போடும்போதும் பூச்சு உரியும், உரிந்த புள்ளியில் துரு உள்ளே ஓடும். கவனமாகக் கையாண்டால் பலன் உண்டு. தளத்தில் கம்பியைத் தரையில் தரதரவென்று இழுக்கிறார்களா என்று மட்டும் ஒரு நாள் நின்று பாருங்கள்.

மார்ச் 5

விலையைப் பற்றி ஒரு இரண்டாம் யோசனை. சந்தைக்கு ஒன்றுமே தெரியாது என்கிற மாதிரி எழுதிவிட்டேன். தெரியும், சில விஷயம். கடற்கரையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் வீடுகளை ஒப்பிட்டு 2019-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. கடல்மட்டம் உயர்ந்தால் நீர் ஏறக்கூடிய வீடுகள் மற்றவற்றைவிட ஏறக்குறைய 7 சதவீதம் குறைவாக விற்றனவாம். வரைபடத்தில் தெரியும் ஆபத்தைச் சந்தை கழித்துக்கொள்கிறது. பூச்சுக்குள் இருப்பதைக் கழிக்க அதற்கு வழியில்லை. ஜில்லோ என்ற அமெரிக்க வீட்டு விற்பனை இணையதள நிறுவனம் கணினிக் கணக்கை நம்பி வீடுகளை வாங்கிக் குவித்துவிட்டு, 2021 நவம்பரில் விலையைக் கணிக்க முடியவில்லை என்று அந்தத் தொழிலையே மூடியது. அவ்வளவு தரவு வைத்திருந்தவர்களே அப்படி என்றால், நாம் டேப்பும் சாவியுமாகத் திரிவதில் வெட்கமில்லை.

மார்ச் 11

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்துவிட்டார், நல்ல மனுஷர், சொன்னதைச் செய்திருக்கிறார். கவர் மீட்டர் வைத்திருக்கும் ஆளை ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறார். சுவரைச் சுரண்டாமலே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி அது. விலை கூடுதலான ஃபிளாட்டில் ஹாலில் 38 முதல் 44 மி.மீ. கடல் பார்த்த பால்கனியில் 17. மலிவானதில் எங்கே வைத்தாலும் முப்பதை ஒட்டி.

எதை வாங்க என்று கேட்கிறார். 17-ஐ நான் வாங்க மாட்டேன். 30 சுமார்தான், கடலோரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதே, யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள். அடுத்து ஒரு சின்ன துளை போட்டுத் தூள் எடுத்து, கம்பி ஆழத்தில் குளோரைடு எவ்வளவு என்று ஆய்வகத்தில் கேளுங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவும் ஒரு பதில்.

ஃபினாப்தலீன் (காரம் பட்டால் நிறம் மாறும் திரவம்) தெளித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டவருக்கு: இளஞ்சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது என்று தெரியும், உப்பைப் பற்றி அது வாய் திறக்காது. காரம் நன்றாக இருந்தும் உப்பால் கம்பி போகலாம்.

மார்ச் 19

எங்கள் பால்கனியில் வேலை தொடங்கியாச்சு. விழுந்த இடத்தை மட்டும் கலவை வைத்து அடைத்தால் போதும் என்று சங்கத்தில் பாதிப் பேர். அப்படி அடைத்தால் புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி பிழைத்துக்கொள்ளும், அதன் ஓரத்தில் உப்பேறிய பழைய காங்கிரீட்டில் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும், ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி வட்டமாக மறுபடி விழும். கெட்டது முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைய இடம் விட்டு, துருவைத் தேய்த்த பிறகுதான் கலவை. ஓட்டெடுப்பில் இரண்டு ஓட்டில் ஜெயித்தோம். வெளியூர் உரிமையாளர்கள் யாரும் வரவில்லை.

மார்ச் 21

கொத்துகிற ஆள் இன்று கூப்பிட்டுக் காட்டினார். கம்பிக்கு அடியில், கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில், உடைந்த குளியலறை டைல் துண்டு ஒன்று. இளநீலம், ஓரத்தில் பூ. எங்கள் குளியலறையில் ஒட்டியிருக்கும் அதே டைல் இல்லை. வேறு யாருடையதோ.

காகிதத்தின் மேல் சில்லுக்குப் பக்கத்தில் அதையும் வைத்திருக்கிறேன். தடிமன் 8 மி.மீ.